ஜி-கோடை மட்டும் அனுப்பாதீர்கள்

உண்மையிலேயே ஓடும் சிறிய மாதிரி எஞ்சின்களைக் கட்டுபவர்கள் நடுவில் கோப்புகளைக் கேட்பதும் கொடுப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. "அந்த கிராங்க் கேஸ் புரோகிராம் இருந்தால் அனுப்புங்களேன்" என்று ஒருவர் கேட்பார். நல்ல மனசுள்ள இன்னொருவர் தன் சி.என்.சி. மெஷினில் (கணினி ஓட்டும் மெஷினில்) ஓடிய ஜி-கோட் கோப்பை, அதாவது மெஷினுக்கான கட்டளை வரிகளை, அப்படியே எடுத்து அனுப்பிவிடுவார். கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. கேட்டவருக்குக் கொடுப்பதால்தான் இந்தப் பொழுதுபோக்கு இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது. ஆனால் மெஷினுக்குப் போகும் கடைசிக் கோப்பை மட்டும் கொடுப்பது வாங்குபவருக்குப் பெரிதாக உதவாது. சில நேரம் அவருடைய டூலையும் அதைச் சுழற்றும் ஸ்பிண்டிலையும் ஆபத்தில் தள்ளிவிடும். கொடுக்க வேண்டியவை அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கின்றன: த்ரீடி மாடல், அளவு போட்ட டிராயிங், எந்த வரிசையில் எதற்காக வெட்டினோம் என்ற குறிப்பு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜி-கோடுக்குள் உதிரிபாகத்தின் வடிவமே கிடையாது. ஒரு குறிப்பிட்ட டூலின் மையம், ஒரு குறிப்பிட்ட மெஷினில், எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் அதில் இருக்கிறது. கால் அங்குல எண்ட் மில் என்ற வெட்டும் டூலுக்காக, அதாவது 6.35 மி.மீ. விட்டத்துக்காக, எழுதிய பாதையை 6 மி.மீ. எண்ட் மில்லால் ஓட்டினால் வெளி அளவுகள் 0.35 மி.மீ. கூடும், உள் பள்ளங்கள் அதே அளவு குறையும். மாதிரி எஞ்சினில் 0.35 மி.மீ. என்பது மலையளவு பிழை. கோப்பின் தலையில் ஜி20 (அங்குலம்) இருக்கிறதா ஜி21 (மில்லிமீட்டர்) இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால் அங்குலம் மில்லிமீட்டராகிவிடும், 25.4 மடங்கு வித்தியாசம். வட்ட வில்லின் மையத்தைக் குறிக்கும் ஐ, ஜே மதிப்புகளை ஒரு கன்ட்ரோலர் (மெஷினை இயக்கும் மூளை) தொடக்கப் புள்ளியிலிருந்து அளக்கும். இன்னொன்று ஜீரோவிலிருந்து அளக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அப்போது சின்ன வளைவு வர வேண்டிய இடத்தில் மேஜை முழுக்க ஒரு பெரிய வட்டம் போடப் பார்க்கும். ஐ.எஸ்.ஓ. 6983 என்று ஒரு தரநிலை இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் மேக்3, லினக்ஸ் சி.என்.சி., கிரிபிள், ஃபானக் போன்ற கன்ட்ரோலர்கள் எல்லாம் தனித்தனி வட்டார வழக்கில்தான் பேசுகின்றன. துளை போடும் ஜி81 சுழற்சியை லினக்ஸ் சி.என்.சி. நன்றாகவே ஓட்டும். வழக்கமான கிரிபிளுக்கு அது தெரியவே தெரியாது.

வேகத்தைப் பாருங்கள். இரண்டு வெட்டு முனை கொண்ட 3 மி.மீ. எண்ட் மில்லை 12,000 சுற்றில் ஓட்டும் ஒருவர் நிமிடத்துக்கு 1,200 மி.மீ. ஃபீட் (டூல் நகரும் வேகம்) போட்டிருக்கிறார் என்று வையுங்கள். ஒரு பல்லுக்கு 0.05 மி.மீ. வருகிறது, அலுமினியத்துக்கு அது தாங்கும். அதே கோப்பு 2,500 சுற்றுக்கு மேல் போகாத சிறு மில்லிங் மெஷினுக்கு வருகிறது. பல கன்ட்ரோலர்கள் ஸ்பிண்டிலைத் மெஷினின் உச்ச வேகத்திலேயே சுழலவிட்டு ஃபீடை மட்டும் எழுதியபடியே ஓட்டும். இப்போது ஒரு பல்லுக்கு 0.24 மி.மீ. டூல் உடைந்து தெறிப்பதற்கு இது தாராளமாகப் போதும். கொடுத்தவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, அவர் பட்டறையில் அது அழகாக ஓடிய புரோகிராம்தான்.

லேத் கோப்புகள் இன்னும் மோசம். எக்ஸ் அளவு விட்டமா ஆரமா என்பதே ஒரு கேள்வி. எக்ஸ்20 என்று எழுதியிருந்தால் ஒரு மெஷினில் 20 மி.மீ. விட்டம், இன்னொன்றில் 40. சிலிண்டரில் குளிர்விக்கும் செதில்களை வெட்டும் குரூவிங் டூலுக்கு இடது முனையில் ஜீரோ எடுத்தார்களா வலது முனையிலா என்பது அடுத்த கேள்வி. அது மாறினால் செதில்கள் எல்லாம் ஒரு டூல் அகலம் தள்ளி நிற்கும்.

"விவரம் தெரிந்தவர் பார்த்துச் சரிசெய்து கொள்வார்" என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு இந்தப் பதிலில் உடன்பாடே இல்லை. விவரம் தெரிந்தவருக்கு மற்றவருடைய ஜி-கோட் தேவையில்லை. மாடலைக் கொடுத்தால் தன் மெஷினுக்கும் தன்னிடம் உள்ள டூலுக்கும் தானே பாதை போட்டுக்கொள்வார், அதுதான் அவருக்குச் சுலபமும் கூட. அந்தக் கோப்பை நம்பி அப்படியே ஓட்டப்போவது புதிதாக வந்தவர்தான். அவரால்தான் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, மாடலைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? இங்கேதான் பெரும்பாலானவர்கள் நின்றுவிடுகிறார்கள். ஸ்டெப் கோப்பு ஐ.எஸ்.ஓ. 10303 என்ற பொதுத் தரநிலையில் வருவது, ஏறக்குறைய எல்லா மென்பொருளும் திறக்கும், வளைவுகள் வளைவுகளாகவே இருக்கும். எஸ்.டி.எல். கோப்பில் வெறும் முக்கோணங்கள், அலகு கூட எழுதியிருக்காது. த்ரீடி பிரிண்டருக்கு அது சரி, எஞ்சின் வேலைக்கு வேண்டாம். ஆனால் நம் ஆட்கள் கொடுக்கும் ஸ்டெப்பிலும் ஒரு விஷயம் இருப்பதில்லை. அதுதான் ஃபிட், அதாவது ஒரு பாகம் இன்னொன்றில் எவ்வளவு இறுக்கமாகவோ தளர்வாகவோ உட்கார வேண்டும் என்பது.

மாடலில் பேரிங் உட்காரும் துளை 22 மி.மீ. என்று வரைந்திருக்கும், பேரிங்கும் 22 மி.மீ. என்றே வரைந்திருக்கும். திரையில் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். அலுமினிய கிராங்க் கேஸில் (எஞ்சினின் அடிப்பெட்டியில்) அந்தத் துளையைச் சரியாக 22.00 என்று வெட்டினால் என்ன ஆகும்? எஞ்சின் ஓடி 80 டிகிரி சூடு ஏறும்போது அலுமினியத் துளை ஏறக்குறைய 0.04 மி.மீ. விரியும். எஃகு பேரிங் அதில் பாதிதான் விரியும். ஆக 0.02 மி.மீ. இடைவெளி புதிதாக உண்டாகி, பேரிங்கின் வெளி வளையம் கேஸுக்குள் சுற்ற ஆரம்பிக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் துளையைக் கொஞ்சம் குறைத்து வெட்டி, கேஸைச் சூடாக்கி, பேரிங்கை உள்ளே இறக்குகிறார்கள். எவ்வளவு குறைத்தார், எந்த அலுமினியத்தில் செய்தார் என்பது அவர் தலைக்குள் இருக்கிறது, கோப்பில் இல்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இதே கதைதான். வார்ப்பிரும்புச் சிலிண்டரில் வார்ப்பிரும்பு பிஸ்டன் என்றால் ஒரு கிளியரன்ஸ் (இடைவெளி), அலுமினிய பிஸ்டனில் வளையம் போட்டால் வேறு கிளியரன்ஸ். மாடல் இரண்டையும் ஒரே எண்ணாகத்தான் காட்டும். ஆகவே அளவும் டாலரன்ஸும் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பதும்) போட்ட ஒரு பி.டி.எஃப். டிராயிங் கூடவே போக வேண்டும். உலோகம் எது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

வேலை வரிசையும் அப்படித்தான். முன் பேரிங், பின் பேரிங் துளைகளை ஜாப்பை (வெட்டும் உலோகத் துண்டை) கழற்றாமல் ஒரே செட்டிங்கில் முடித்தால் இரண்டும் ஒரே அச்சில் இருக்கும். அந்த அச்சிலிருந்து அளவெடுத்து சிலிண்டர் உட்காரும் முகத்தை வெட்டினால் செங்குத்து சரியாக வரும். இல்லையென்றால் பிஸ்டன் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்க்கும், கனெக்டிங் ராட் பிடிக்கும், எஞ்சின் கையால் சுற்றவே கனமாக இருக்கும். முடிந்துபோன மாடலைப் பார்த்து இந்த வரிசையை யாராலும் ஊகிக்க முடியாது. நான்கு வரி எழுதி, வைஸில் ஜாப் எப்படி நின்றது என்று ஒரு படம் சேர்த்தால் போதும்.

வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கு என் தனி வேண்டுகோள். தயவுசெய்து கேமின் வெளிக்கோட்டை மட்டும் அனுப்பாதீர்கள். வால்வைத் தள்ளும் ஃபாலோயர் தட்டையா, உருளையா, எந்த ஆரம் என்று தெரியாமல் அந்தக் கோட்டுக்கு அர்த்தமே இல்லை. வால்வு எழும் விதம் ஒன்றே என்றாலும் ஃபாலோயர் மாறினால் கேம் வடிவம் மாறும். கோண வாரியாக எத்தனை டிகிரிக்கு எவ்வளவு ஏற்றம் என்ற அட்டவணையைக் கொடுங்கள். அதன் அருமை என்னவென்றால், தட்டை ஃபாலோயராக இருந்தால் கையால் ஓட்டுபவர் கேம் துண்டை, கோணம் வைத்துத் திருப்பும் இன்டெக்ஸ் ஹெட்டில் பிடித்து, ஒவ்வொரு கோணத்துக்கும் அட்டவணைப்படி ஆழம் வைத்து மில் பண்ணிவிடலாம். டூலின் தட்டை முகமே ஃபாலோயர் மாதிரி வேலை செய்யும், கடைசியில் லேசாக அரம் போட்டால் முடிந்தது. சி.என்.சி. வைத்திருப்பவர் அதே அட்டவணையிலிருந்து பாதை உருவாக்கிக்கொள்வார்.

கையால் ஓட்டுபவர் என்று சொன்னேன் இல்லையா, அவர்களை நாம் மறந்துகொண்டே வருகிறோம். 1898இல் பெர்சிவல் மார்ஷல் 'மாடல் எஞ்சினியர்' இதழைத் தொடங்கியதிலிருந்து இந்தக் கலை வளர்ந்ததே ஹேண்ட்வீல் சுற்றியவர்களால்தான். எட்கர் வெஸ்ட்பரி தன் பெட்ரோல் எஞ்சின்களையும், எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதியவர் தன் நீராவி ரயில் எஞ்சின்களையும் அந்த இதழில் வரைபடத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சின்ன லேத் மட்டும் வைத்திருப்பவர் எந்த முகத்தை முதலில் கடைய வேண்டும், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று வாரா வாரம் எழுதினார்கள். இன்று நம் கையில் அவர்கள் நினைத்துக்கூடப் பார்க்காத கருவிகள் இருக்கின்றன. விளக்கம் மட்டும் குறைந்துவிட்டது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பழைய அங்குல டிராயிங்குகளை மெட்ரிக்கில் மாற்றி வரைபவர்களுக்கு ஒரு வார்த்தை. எதை அப்படியே மாற்றினீர்கள், எதைப் பக்கத்து முழு எண்ணுக்கு நகர்த்தினீர்கள் என்று குறித்துவிடுங்கள். 2 பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் அளவுத் திருகின் விட்டம் 4.7 மி.மீ. அதை எம்5 ஆக்கினால் சுற்றியுள்ள சுவர் மெலிகிறது, எம்4 ஆக்கினால் பிடிப்பு குறைகிறது. எதைத் தேர்ந்தீர்கள் என்பது அடுத்தவருக்குத் தெரிய வேண்டும். எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கும் சாதாரண க்ளோ பிளக்கின் மரை மட்டும் கால் அங்குலம், அங்குலத்துக்கு 32 மரை என்றே இருக்கும். அதை மெட்ரிக்காக்கப் போகாதீர்கள்.

மென்பொருள் விஷயத்திலும் ஜாக்கிரதை வேண்டும். 2020இல் ஃபியூஷன் 360 என்ற மாடல் வரையும் மென்பொருளின் தனிநபர் இலவச உரிமத்தைச் சுருக்கினார்கள். ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய கோப்புகள் 10 மட்டும் என்றார்கள், தானாக டூல் மாற்றும் வசதியை எடுத்தார்கள். ஸ்டெப்பாக வெளியே எடுக்கும் வசதியையும் நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்த பிறகு விட்டுவைத்தார்கள். அன்றைக்குத்தான் பலருக்கும் உறைத்தது, தன் உழைப்பின் சாவி இன்னொருவர் கையில் இருக்கிறது என்று. திருத்துவதற்கு வசதியாக மென்பொருளின் சொந்தக் கோப்பையும் கொடுங்கள், எல்லாரும் திறப்பதற்கு ஸ்டெப்பையும் கொடுங்கள். யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறந்த மென்பொருளான ஃப்ரீகேட் 2024 நவம்பரில் 1.0 பதிப்பைத் தொட்டுவிட்டது. முடிந்தவர்கள் அந்தப் பக்கம் வந்தால் நல்லது.

உரிமை பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. விலை கொடுத்து வாங்கிய பிளானைப் பார்த்து மாடல் வரைந்துவிட்டு, "நான் வரைந்தது, என்னுடையது" என்று ஊருக்கெல்லாம் கொடுப்பது நியாயம் இல்லை. மாதிரி எஞ்சின் பிளானும் வார்ப்புகளும் விற்பவர்களில் பலர் தனி மனிதர்கள், சிறு குடும்பங்கள். அவர்கள் இந்த வேலையைக் கைவிட்டால் அடுத்த டிசைன் வராது. வடிவமைத்தவர் இருந்தால் கேளுங்கள். பிளான் இன்னும் விற்பனையில் இருந்தால் வாங்கியவருக்கு மட்டும் உங்கள் மாடலைக் கொடுங்கள். சொந்த டிசைன் என்றால் உரிமம் எழுதிவையுங்கள். எதுவும் எழுதாமல் விட்டால் பெரும்பாலான நாடுகளில் எல்லா உரிமையும் வரைந்தவருக்கே என்று ஆகிவிடும், வாங்கியவர் திருத்தி இன்னொருவருக்குக் கொடுக்கச் சட்டப்படி வழியிருக்காது. பகிர்வதற்கென்றே உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருக்கிறது. வன்பொருள் டிசைன்களுக்கென்றே ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் 2011இல் கொண்டுவந்து 2020இல் புதுப்பித்த திறந்த வன்பொருள் உரிமமும் இருக்கிறது.

அப்புறம், வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு. கோப்பை வைத்து எஞ்சினை ஓட்டிக் காட்டியவர் எந்த அளவை மாற்ற வேண்டிவந்தது என்று கொடுத்தவருக்குத் திருப்பி எழுத வேண்டும். கொடுத்தவரும் எந்த உதிரிபாகத்தை உண்மையிலேயே வெட்டிப் பார்த்தார், எது இன்னும் திரையில் மட்டும் இருக்கிறது என்பதைக் கோப்போடு சொல்லிவிட வேண்டும். திருத்தம் வந்தால் பதிப்பு எண்ணையும் தேதியையும் மாற்றி, திருத்தம் சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரையும் டிராயிங்கின் மூலையில் போடுங்கள்.