கண்ணுக்குத் தெரியாத புகைக்கு யாரிடம் தண்டம் வாங்குவது?

அந்தப் படத்தைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். திருகோணமலைக்காரர் எல்லோருடைய முகநூல் பக்கத்திலும் அது சுற்றிவிட்டது, என்ன படம் என்று நான் விளக்கத் தேவையில்லை. உள்துறைமுக வீதியில் ஒரு பழைய ஓட்டோ, பின்னால் நீலமாகப் புகை, மேலே "எங்கள் ஊரை நாசமாக்குகிறவர்கள்" என்று ஒரு வரி. நம்பர் பிளேட்டைக்கூட மறைக்கவில்லை. கீழே வந்த கருத்துகளை வாசித்தேன். "இதுகளைக் கடற்கரைப் பக்கம் விடவே கூடாது", "வெள்ளைக்காரன் பார்த்தால் என்ன நினைப்பான்", "பொலிஸ் நித்திரையா?" நேற்று ஒரு நண்பர் என் பெயரையும் அங்கே இழுத்து, "சூழல், மரநடுகை என்று எழுதுகிற ஆள் இதற்கு மட்டும் ஏன் மௌனம்?" என்று கேட்டுவிட்டார். சரி, வாயைத் திறக்கிறேன். கேட்டது நீங்கள், பிறகு கோபிக்கக் கூடாது.

முதலில் அந்தப் படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள். இடது கீழ் மூலையில் ஏசி துவாரத்தின் நிழல் கண்ணாடியில் விழுந்திருக்கிறது. எடுத்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே குளுகுளு என்று இருந்திருக்கிறார். ஓட்டோவின் கூரை மேலிருந்து தெரிகிறது. அப்படியென்றால் அவர் இருந்த சீற் எவ்வளவு உயரம் என்று நீங்களே யோசியுங்கள். டபுள் கெப், அல்லது பெரிய ஜீப். டீசலாகத்தான் இருக்கும். இல்லை, பெற்றோல் என்றால் அவர் வந்து சொல்லட்டும், இந்த வரியை அழித்துவிடுகிறேன்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். புகை தெரிகிறது என்பதற்காக ஒருவரைப் பிடித்துச் சந்தியில் நிறுத்துகிறீர்கள். தெரியாத புகையை விடுகிறவர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து படம் எடுக்கிறார்.

நாங்கள் மூச்சு விடுகிற காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைதரசன். யாரோடும் சேராமல் சும்மா கிடக்கிற வாயு. எஞ்சினுக்குள் சூடும் அழுத்தமும் ஏறும்போதுதான் அது ஒட்சிசனோடு சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டாக மாறுகிறது. டீசல் எஞ்சினில் சூடும் கூட, மிஞ்சி நிற்கிற ஒட்சிசனும் கூட, அதனால் இதுவும் கூட. வெளியே வந்த பிறகு நைதரசனீரொட்சைட்டு ஆகி, வெயிலில், எரியாத எரிபொருளில் இருந்து வருகிற ஐதரோகாபன்களோடு சேர்ந்து தரைமட்டத்திலேயே ஓசோனை உண்டாக்குகிறது. வானத்தில் இருந்தால் காவல், மூக்குக்கு முன்னால் இருந்தால் நஞ்சு. திருமலை வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

இவ்வளவும் நடக்கும்போது சைலன்சரில் ஒரு துளி கருப்புத் தெரியாது. கருப்புப் புகை என்பது சரியாக எரியாத டீசல், கரி. நன்றாக, சூடாக எரிந்தால் கரி குறையும், நைதரசன் ஒட்சைட்டு கூடும். ஒன்றை அமத்தினால் மற்றது எழும்பும், வாகனம் செய்கிற கம்பனிகளே இதில் மாட்டுப்பட்டுத்தான் நிற்கின்றன. 2015இல் ஃபொக்ஸ்வாகன் அகப்பட்டது எதற்காக? பரிசோதனை நடக்கிறது என்று கண்டுபிடித்து அந்த நேரம் மட்டும் நல்ல பிள்ளையாக இருக்கிற மென்பொருளை ஒரு கோடிக்கு மேற்பட்ட டீசல் கார்களில் பூட்டியதற்காக. வீதியில் இறங்கியதும் சில கார்கள் அமெரிக்க வரம்பைப் போல நாற்பது மடங்கு வரை நைதரசன் ஒட்சைட்டைக் கக்கின. ஒன்றிலும் புகை தெரியவில்லை. படம் எடுத்துப் போட்டிருந்தால் அழகான, சுத்தமான காராகத்தான் தெரிந்திருக்கும்.

இப்போது அந்த ஓட்டோவுக்கு வருவோம். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. 2008இல் இருந்து அந்த வகையை இந்த நாட்டுக்குள் இறக்குமதி செய்யவே முடியாது, ஆகவே அது எவ்வளவு கிழடு என்று கணக்குப் போடுங்கள். ஒயிலும் பெற்றோலும் சேர்ந்து எரிந்து நீலமாகப் புகைக்கும், எரியாத ஐதரோகாபனை அள்ளிக் கொட்டும். அது கூடாதுதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் நைதரசன் ஒட்சைட்டு என்று பார்த்தால் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அது மிகக் குறைவு. உள்ளே அவ்வளவு சூடு ஏறுவதில்லை. அதாவது, அந்தப் படத்தில் நைதரசன் ஒட்சைட்டு கூடுதலாக விடுகிற வாகனம் அநேகமாகப் படத்துக்குள் இல்லை.

"அப்படியென்றால் புகைப் பரிசோதனை எதற்கு இருக்கிறது?" என்று கேட்பீர்கள். அதையும் சொல்கிறேன். போன வருசம் மச்சானின் டீசல் வானுக்கு லைசன்ஸ் எடுக்க நான்தான் ஓடித்திரிந்தேன். முதலில் ஒரு கராஜுக்குப் போனோம். அங்கே இருந்தவர் எஞ்சினைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. "டீசல் பம்பைக் கொஞ்சம் இறக்கித் தாறன், புகை குறையும், பாஸானதும் கொண்டு வாங்கோ, திரும்ப ஏத்தி விடுறன்" என்றார். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்றால், ரீ குடிக்கிறீங்களா என்று கேட்பது போல. பரிசோதனை நிலையத்தில் ஒரு பொடியன் குழாயைச் சைலன்சருக்குள் விட்டு, அக்ஸிலேட்டரை உச்சத்துக்கு மிதிக்கச் சொன்னான். வான் அலறியது. முடிவு அச்சடித்த ஒரு துண்டு வெளியே வந்தது. வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில நைதரசன் ஒட்சைட்டு எங்க?" என்று கேட்டேன்.

பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான். "அது பாக்கிறேல்ல அண்ணா. டீசலுக்குப் புகை எவ்வளவு கருப்பு எண்டு மட்டுந்தான்."

"பெற்றோலுக்கு?"

"அதுக்கு காபன் மொனொக்சைட்டும் ஐதரோகாபனும்."

அவ்வளவுதான். நாட்டில் ஓடுகிற வாகனங்களின் நைதரசன் ஒட்சைட்டை வருடாந்தச் சோதனை அளப்பதே இல்லை. அளக்காததற்கு எப்படி வரம்பு, எப்படித் தண்டம்? இந்த விசயம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் அந்தப் படத்தின் கீழ் கருத்து எழுதியிருக்கிறீர்கள்?

"கடற்காற்று அடிக்கிற ஊர், இதெல்லாம் நிற்காது" என்று ஒரு மூத்தவர் எழுதியிருந்தார். ஐயா, டச்சுக் குடாவில் மணலில் இருந்து கடலை கொறிக்கிறவருக்குக் காற்று அடிக்கும்தான். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் மத்திய வீதியில் வந்து நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் கடை, நடுவில் வான்கள், ஒரு வானும் எஞ்சினை நிற்பாட்டாது, இடையில் தலையில் தொப்பியோடு சின்னப் பிள்ளைகள். வானின் சைலன்சர் உங்கள் முழங்காலுக்குக் கீழே இருக்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளையின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது? அதோடு காற்று அந்த வாயுவை அழிப்பதில்லை, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறது. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் தரைக்காற்று அனுராதபுரச் சந்திப் பக்கத்துச் சூட்டையும் சேர்த்து ஊருக்குள்தானே தள்ளுகிறது?

என் மகளுக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருக்கிறது. இதை எழுத வேண்டாம் என்று மனைவி சொன்னா, எழுதிவிட்டேன். இரவில் அவளை நிமிர்த்தி இருத்தி, முதுகைத் தடவிக்கொண்டு, மூச்சு மருந்து மெசின் பிடிப்பதற்கு ஓடின இரவுகள் இருக்கின்றன. அவளுக்கு வருத்தம் வந்தது வாகனத்தால் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் இழுப்பு உள்ள பிள்ளையை நைதரசனீரொட்சைட்டு மோசமாக்கும் என்பது வைத்தியம் படித்த எவரும் மறுக்காத விசயம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அந்த வாயுவின் வருடாந்த வழிகாட்டி அளவைக் கன மீற்றருக்கு 40 மைக்ரோகிராமில் இருந்து 10க்கு இறக்கியது சும்மா பொழுதுபோக்குக்கு இல்லை. எனக்கு ஓட்டோப் புகை மணத்தால் தெரியும், மகளின் மூக்கைப் பொத்திவிடுவேன். மணக்காததுக்கு எதைப் பொத்துவது?

இன்னொருவர் புள்ளிவிவரத்தோடு வந்தார். இலங்கை சின்ன நாடு, தலைக்கு வருடம் ஒரு டன் அளவுதான் காபனீரொட்சைட்டு, உலக சராசரியோ நாலு டன்னுக்கு மேல், முதலில் அமெரிக்காக்காரனைக் கேள் என்று. நியாயமான கேள்வி. காபனைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஏனென்றால் காபனீரொட்சைட்டு எங்கே விட்டாலும் உலகம் முழுக்கப் பரவி நூற்றுக்கணக்கான வருசம் நிற்கும். டெக்சாஸில் விட்டாலும் தம்பலகாமத்தில் விட்டாலும் ஒன்றுதான். நைதரசன் ஒட்சைட்டின் கதை வேறு. அது மணித்தியாலக் கணக்கில்தான் காற்றில் தங்கும். அதனாலேயே அது விட்ட தெருவுக்குச் சொந்தம். உள்துறைமுக வீதியில் விட்டதை அமெரிக்காக்காரன் வந்து மூக்கால் இழுக்க மாட்டான். எங்கள் பிள்ளைதான் இழுக்கும். சின்ன நாடு என்ற சாட்டு இதற்குச் செல்லாது.

காபனையும் நான் விட்டுவிடவில்லை. ஒரு லீட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வரும். (ஒரு லீட்டர் டீசலே ஒரு கிலோ இல்லையே என்று கேட்க வருகிறவர்களுக்கு: காபன் டீசலில் இருந்தும் ஒட்சிசன் காற்றில் இருந்தும் வருகிறது.) கோணேஸ்வரத்துக்கு வருகிற சுற்றுலா பஸ்களையும் வான்களையும் பார்த்திருக்கிறீர்களா? சனம் மேலே கும்பிட்டுவிட்டு, சாமான் வாங்கி, மானோடு செல்பி எடுத்துவிட்டு வரும்வரை சாரதி ஏசியைப் போட்டுக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டு நித்திரை. மான் பொலித்தீன் தின்றுவிட்டது என்று கண்ணீர் விட்டுப் பதிவு போடுகிற ஊர் இது. அந்த மானுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டு நிற்கிற வானை ஒருவரும் படம் எடுக்கவில்லை. எப்படி எடுப்பது, புகை தெரியவில்லையே!

நைதரசன் என்றதும் எனக்கு இன்னொரு ஆத்திரம் வருகிறது, அதையும் கொட்டிவிடுகிறேன். 2019 ஒக்ரோபரில் கொழும்பில் நாடுகள் கூடி ஒரு பிரகடனம் செய்தன. நைதரசன் கழிவை 2030க்குள் பாதியாகக் குறைப்பது என்று. கொழும்புப் பிரகடனம் என்றே அதற்குப் பெயர். அது உரத்துக்கு மட்டும் இல்லை, எரிபொருளில் இருந்து வருகிறதற்கும் சேர்த்துத்தான். சரி, முதலில் யாருடைய கழுத்தில் கை வைத்தார்கள்? 2021இல் ஒரே இரவில் நைதரசன் உரமான யூரியாவை நிற்பாட்டி விவசாயியின் கழுத்தில். தம்பலகாமத்தில் சித்தப்பாவின் வயலைப் போய்ப் பார்த்தேன். பயிர் பக்கக் கிளை வெடிக்கிற பருவத்தில் இலை நுனியில் இருந்து மஞ்சள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு இலையைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார், ஒன்றும் கதைக்கவில்லை. அதே வருசம் அப்போதைய ஜனாதிபதி கிளாஸ்கோவில் போய் நைதரசன் பற்றிய கூட்டத்தில் உரையாற்றினார். வயலில் இருந்து வருகிற நைதரசு ஒட்சைட்டு (வாகனம் விடுகிற நைதரசன் ஒட்சைட்டு இல்லை, இது வேறு வாயு) காபனீரொட்சைட்டைப் போல 273 மடங்கு சூடாக்கும், அது பெரிய பிரச்சினைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கிளாஸ்கோவுக்குப் போன விமானத்துக்கும் விமான நிலையத்துக்குப் போன வாகன அணிக்கும் நைதரசன் கணக்கு யார் கேட்டது?

எப்பவும் இப்படித்தான். கணக்கு கீழே இருக்கிறவனிடம் மட்டும் கேட்கப்படும். 2022இல் எரிபொருளைக் கியூஆர் முறையில் பங்கிட்டபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீட்டர், காருக்கு 20 லீட்டர். ஓட்டோ ஒருவனின் சோறு, கார் பெரும்பாலும் ஒருவனின் வசதி. 99 எண்ணெய்த் தாங்கிகளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிற ஊர் இது, அந்தத் தாங்கிகளுக்குப் பக்கத்து வீதியிலேயே ஓட்டோக்காரர் இரவிரவாக வரிசையில் படுத்துக் கிடந்தார்கள். அப்போது இதே முகநூலில் "சைக்கிள் ஓடுவோம், காற்றைக் காப்போம்" என்று எழுதின ஆட்கள் எனக்குத் தெரியும். எரிபொருள் தாராளமாக வந்ததும் சைக்கிள் சுவரில் ஏறிவிட்டது. 2025இல் வாகன இறக்குமதி திறந்ததும் முதல் ஆளாக ஜீப் பதிவு செய்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை. வாசித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், வணக்கம்.

நேற்று அந்த நண்பருக்குப் பதிலாக இதே கருத்தைச் சின்னதாக ஒரு வரியில் எழுதியதற்கே "ஓட்டோச் சங்கத்திடம் என்ன வாங்கினீர்?" என்று ஒருவர் கேட்டார். என்னோடு ஒன்றாகப் படித்தவர். வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர். வாங்கினேன்தான் மச்சான். மகளுக்கு ஏலாமல் வந்த ஒரு நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன ஓட்டோக்காரர் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதைத்தான் வாங்கினேன். நானும் உனக்குத்தான் முதலில் ஃபோன் எடுத்தேன், நீ எடுக்கவில்லை. அதை இவ்வளவு நாளும் சொல்லாமல்தான் இருந்தேன்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். "அப்போ எல்லோரும் மின்சார வாகனம் வாங்குங்கள்" என்கிற அறிவுரையும் வந்தது. வாங்கலாம். சைலன்சரே இல்லை, தெருவில் நைதரசன் ஒட்சைட்டும் இல்லை. மின்சாரத்தில் ஒரு பங்கு நுரைச்சோலையில் நிலக்கரி எரித்து வருகிறது, அந்தப் புகை புத்தளத்துக்காரனின் தலையில் விழும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படிப் பார்த்தாலும் நீரும் வெயிலும் காற்றும் தருகிற பங்கு நாட்டில் கணிசமாக இருப்பதால் டீசலை விட நல்லதுதான். சம்பூருக்கு வர இருந்த நிலக்கரி நிலையம் 2016இல் கைவிடப்பட்டு, இப்போது அங்கே சூரிய மின்சாரம் என்கிறார்கள், சந்தோசம். பழைய ஓட்டோவின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பூட்டுவதும் நடக்கக்கூடிய வேலை. அதற்குக் கடன் கொடுங்கள், வட்டியைக் குறையுங்கள், அந்த மனிதர் நாளைக்கே மாறிவிடுவார். அவர் ஆசைக்காகவா அந்தத் தகரத்தை ஓட்டுகிறார்? ஜீப்காரர் மாறுவதற்கு ஒரு காரணமும் இல்லை. அவரை ஒருவரும் அளக்கவில்லை.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. புகைப் பரிசோதனைத் துண்டில் நைதரசன் ஒட்சைட்டுக்கு ஒரு வரி. பள்ளிக்கூட வாசலில் நிற்கிற வாகனம் எஞ்சினை நிற்பாட்ட வேண்டும் என்று ஒரு விதி, அதைப் பார்க்க ஒரு பொலிஸ்காரர். கடைக்கும் வேலைக்கும் போகிறவன் நம்பி ஏறுகிற மாதிரி நிலாவெளிப் பக்கமும் கிண்ணியாப் பக்கமும் நேரத்துக்கு ஒரு பஸ். இது மூன்றையும் கேட்டு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்து வைக்க விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். இன்றைக்கு இரவு ரயிலில் கொழும்பு போகிறேன், கல்லோயா தாண்டும்வரை சிக்னல் ஒழுங்காக இருக்காது. பதில் வரவில்லை என்று ஓடிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.