அன்னபூரணியைக் கட்டிய கரை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே இருக்கும் வல்வெட்டித்துறையைப் பலரும் அண்மைக்கால அரசியலை வைத்தே அறிவார்கள். அண்மையில் அங்கு சென்றபோது நான் தேடியது அதற்கு முந்திய வல்வையை (ஊரார் வல்வெட்டித்துறையைச் சுருக்கி அழைக்கும் பெயர்). தானே கப்பல் கட்டி, தன் மக்களையே மாலுமிகளாக ஏற்றி, நாகபட்டினம், கொச்சி, இரங்கூன் என்று வாணிகம் செய்த ஊரை.

கரையில் நிற்பவருக்கு முதலில் வியப்புத்தான் மேலிடும். ஆழமான இயற்கைத் துறைமுகம் எதுவும் இல்லை. கரையை ஒட்டி முருகைக்கற்பார் (பவளப் பாறைத்திட்டு) நீண்டு கிடக்கிறது. அதை ஊடறுக்கும் ஒடுங்கிய 'வான்' வழியாகவே கலங்கள் கடலுக்கு இறங்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் பாய்க்கப்பல் கட்டும் தொழில் வளர்ந்ததற்கு, வடகீழ், தென்மேல் பருவக்காற்றுகளையும் எதிர்க்கரையின் சந்தைகளையும் ஒருங்கே அறிந்த மக்களே காரணம். பர்மாவிலிருந்து அரிசி வந்தது. யாழ்ப்பாணப் புகையிலை மலையாளக் கரைக்குப் போனது. அந்தச் செல்வத்தின் சுவடு ஊருக்குள்ளேயே இருக்கிறது: வைத்தீசுவரன் கோயிலைக் கட்டுவித்த திருமேனியார் வேங்கடாசலம்பிள்ளை ஒரு கப்பல் உரிமையாளர்.

ஊரில் யாரிடம் பேசினாலும் பேச்சு அன்னபூரணியில் வந்து நிற்கிறது. வேப்பமரத்தால் கட்டப்பட்ட அந்த இரட்டைப் பாய்மரக் கப்பலை வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வை மாலுமிகள் அதைச் சூயஸ் கால்வாய், ஜிப்ரால்டர் வழியாக அத்திலாந்திக்கைக் கடந்து 1938இல் மசாசூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். சிறிய பாய்க்கப்பலில் ஏற்கெனவே உலகைச் சுற்றிவந்திருந்த ஒருவர், பின்னாளில் சொந்தமாகக் கப்பல் கட்டும் தளமே நடத்திய ஒருவர், இதைத் தேர்ந்தெடுத்தார் என்பதே கட்டியவர்களுக்குக் கிடைத்த நற்சான்று.

ஆனால் நமது பெருமிதம் முழுவதும் 'அமெரிக்கா போன கப்பல்' என்பதிலேயே தேங்கிவிடுகிறது என்பதுதான் என் குறை. கப்பலின் அடிமரமான ஏராவுக்கு எந்த மரத்தைத் தேர்ந்தார்கள், விலா எலும்புபோல நிற்கும் வங்குகளின் வளைவை எப்படிக் கணித்தார்கள், பலகை இடுக்குகளில் நீர் புகாதபடி எதை வைத்து அடைத்துக் கலப்பற்று அடித்தார்கள், தலைமைத் தச்சரான மேத்திரியாரின் கீழ் வேலை செய்தவர்களுக்குக் கூலி எப்படிப் பிரிக்கப்பட்டது என்ற கேள்விகளுக்குக் கோவையான விடை எனக்குக் கிடைக்கவில்லை. பயணத்தைப் பாடுகிறோம், பட்டறையைப் பதிவு செய்யவில்லை.

தொழில் நலிந்ததற்குத் திறமைக் குறைவு காரணமன்று. நீராவிக் கப்பல்கள் சரக்கைப் பறித்தன. 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போனது. சுதந்திரத்தின் பின் வந்த குடிவரவு, இறக்குமதிக் கட்டுப்பாடுகள், தலைமுறை தலைமுறையாக நடந்த நாகபட்டினப் போக்குவரத்தைக் கடத்தல் என்று பெயர் மாற்றின. பிறகு வந்த போரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

கேரளத்தின் பேப்பூரில் இன்றும் உரு என்னும் பெரிய மரக்கப்பல்களைக் கட்டுகிறார்கள் என்றால், அங்குள்ளவர்களுக்கு நம்மைவிடப் பழம்பெருமை அதிகம் என்பதாலல்ல, வளைகுடா நாடுகளிலிருந்து வாங்குவோர் வருவதால். எனவே நினைவுச்சின்னம் என்ற பெயரில் சீமெந்தில் இன்னொரு கப்பல் வடிவத்தை எழுப்ப யாராவது பணம் திரட்டினால், அந்தப் பணத்தில் மரத்தாலான ஒரு சிறு கலத்தைக் கடலில் ஓடும்படியாகக் கட்டச் சொல்வேன். தச்சர்களுக்குக் கூலி கொடுத்து, ஏரா வைக்கும் நாளிலிருந்து ஒவ்வொரு வேலையையும் காணொளியாகப் பதிவு செய்து, இன்று பைபர் படகு கட்டும் இளைஞர்களை அவர்களுக்கு உதவியாளராக நிறுத்த வேண்டும்.