கெவின் சாராயம் காய்ச்சவில்லை

அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், போதும். அயர்லாந்தில் கிளென்டலாக் என்ற பள்ளத்தாக்கின் கல் கோபுரத்துக்கு முன்னால் ஒரு தம்பி கையில் விஸ்கி பாட்டிலோடு நின்றுகொண்டு, "மக்களே, லேபிள்ல இருக்காரே, இவர்தான் கெவின் சாமியார். இங்கேதான் சரக்கு காய்ச்சினார். நம்ம ஓல்ட் மாங்க்குக்குப் பெரியப்பா!" என்று ஒரு சிரிப்பு. "தம்பி, தகவல் தவறு" என்று பணிவாகத்தான் எழுதினேன். "ஆன்ட்டி, காமெடிய காமெடியா பாருங்க" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் என் கமெண்டையே காணோம்.

சரி, ஆன்ட்டி இங்கே சொல்கிறேன். கெவின் சாராயம் காய்ச்சவில்லை.

அவர் ஒரு பழைய ஐரிஷ் கிறிஸ்தவத் துறவி. இறந்தது 618-ல் என்பது மரபு. அயர்லாந்தின் பழைய ஆண்டுக்குறிப்புகளில் காய்ச்சி வடித்த மதுவைப் பற்றிய பேச்சு 1405-ல்தான் வருகிறது. அதுவும் என்ன செய்தி? கிறிஸ்துமஸ் சமயத்தில் அளவு மீறிக் குடித்து ஒரு குறுநிலத் தலைவர் செத்துப்போனார் என்று. நடுவில் ஏறக்குறைய 800 வருடம். அந்த பாட்டிலை விற்கும் கிளென்டலாக் டிஸ்டில்லரியோ 2011-ல் சில நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. அது தம்பி நின்ற இடத்தில்கூட இல்லை, நியூட்டவுன்மவுன்ட்கென்னடி என்ற வேறு ஊரில் இருக்கிறது. பெயரை மட்டும் பள்ளத்தாக்கிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஐரிஷில் அதற்கு 'இரண்டு ஏரிகளின் பள்ளத்தாக்கு' என்று பொருள். அங்கே மடம் கட்டியவர் என்பதால் கெவினும் லேபிளில் ஏறிவிட்டார். அவ்வளவுதான் சம்பந்தம்.

லேபிளில் அவர் கையில் ஒரு பறவை இருக்கிறதே, அது என்ன என்று ஒரு தடவையாவது கேட்கத் தோன்றியதா தம்பிக்கு? 12-ஆம் நூற்றாண்டில் ஜெரால்டு ஆஃப் வேல்ஸ் என்ற பாதிரியார் எழுதிவைத்த கதை அது. தவக்காலத்தில் கெவின் ஒரு சின்னக் குடிசையில் ஜெபித்துக்கொண்டிருந்தார். கையை ஜன்னலுக்கு வெளியே வானத்தை நோக்கி நீட்டியிருந்தார். ஒரு பிளாக்பேர்ட், நம்ம மைனா அளவுதான் இருக்கும், உள்ளங்கையில் கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. குஞ்சு பொரிக்கும்வரை அவர் கையை மடக்கவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. அந்தப் பறவை அடைகாக்கப் பன்னிரண்டு, பதினான்கு நாளாகும்.

எனக்குத் தோள்பட்டை இறுகிப்போன வருடத்தில்தான் இந்தக் கதை வந்து சேர்ந்தது. இரண்டு நிமிடம் கையை நீட்டி வைக்கச் சொன்னார்கள் பயிற்சியில். நாற்பது நொடியில் அழுதுவிட்டேன். பக்கத்து வீட்டு ஐரிஷ் பாட்டி சூப் கொண்டுவந்தவர், என் சமையலறை ஜன்னலில் தன் கையை நீட்டிக்கொண்டு முழுக்கதையையும் நடித்தே காட்டினார். முட்டை எத்தனை என்று கேட்டேன். "உன் வலி தாங்குகிற அளவு" என்றார். போன குளிர்காலத்தில் பாட்டி போய்விட்டார். அதனால் எனக்குக் காமெடி வரவில்லை, மன்னிக்கவும்.

'கதைதானே, நிஜமா?' என்பீர்கள். அவர் 120 வயது வாழ்ந்தார் என்றும்தான் சொல்கிறார்கள், அதை நானும் நம்பவில்லை. 'நம்ம கருப்பசாமிக்குச் சாராயம் படைப்பதில்லையா?' படைக்கிறோம். கருப்பர் கேட்கிறார், கொடுக்கிறோம். இவர் கேட்கவே இல்லையே! 'கம்பெனிக்காரனே படம் போட்டு விற்கிறான், உங்களுக்கென்ன?' எங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பாட்டில் இருக்கிறது, வீட்டுக்காரருடையது. அது வேறு விஷயம்.

இன்பாக்ஸில் ஒரு தோழி மட்டும் சரியான இடத்தில் குத்தினார். "கேத்லீனை ஏரியில் தள்ளினவர்தானே உங்க கெவின்?"

ஆமாம், அப்படியும் கதை இருக்கிறது. லத்தீனில் எழுதப்பட்ட கெவினின் பழைய வாழ்க்கை வரலாற்றில், தன்னைப் பின்தொடர்ந்த பெண்ணைக் காஞ்சொறியால் அடிக்கிறார், அவள் மனம் திருந்துகிறாள். பிற்காலத்தில் அதுவே வளர்ந்து, மேல் ஏரிக்கரைக் குகையிலிருந்து அவளைத் தண்ணீரில் தள்ளிவிடுவதாக ஆகிவிட்டது. பின்னால் யாரோ சேர்த்தது என்று தோழிக்குப் பதில் எழுதினேன். எழுதும்போதே எனக்குத் தெரியும், பறவைக் கதையும் அவர் இறந்து ஐந்நூறு வருடத்துக்கும் மேல் கழித்து எழுதப்பட்டதுதான். பறவை மட்டும் எனக்கு வேண்டும், பெண் வேண்டாம். லேபிள் வரைந்தவர்களுக்கும் அப்படித்தான். ஒருமுறை சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டி கேத்லீன் கதையைச் சொன்னபோது வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். யாரை நான் காமெடி என்று திட்டுவது?

பாட்டி கேத்லீனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

இருந்தாலும் தம்பி, கெவின் சாராயம் காய்ச்சவில்லை. என் கமெண்டைத் திருப்பிப் போட வேண்டாம், வீடியோவின் தலைப்பையாவது மாற்றுங்கள்.