வெளிநாடு போனால் ஆயுள் தடையா?

சிட்னியின் வாரட்டாஸ் ரக்பி அணியைப் பற்றி ஒரு ஃபார்வர்டு செய்தி சுற்றுகிறது: ‘ஜப்பான், பிரான்ஸ் போன வீரருக்கு ஆஸ்திரேலிய அணியில் ஆயுள் தடை.’ தவறு.

வெளிநாட்டில் ஆடுபவரை தேசிய அணியில் எடுப்பதில்லை என்ற விதி 2015-லேயே தளர்ந்துவிட்டது. 60 டெஸ்ட் (நாடுகளுக்கிடையேயான ஆட்டம்) ஆடி, 7 ஆண்டு உள்நாட்டில் விளையாடியவரை வெளியிலிருந்தும் எடுக்கலாம் என்றார்கள். பிறகும் மாற்றங்கள் வந்தன. பெர்னார்ட் ஃபோலியையே பாருங்களேன். 2014 சூப்பர் ரக்பி இறுதியில் கடைசி நேர பெனால்டியை உதைத்து, 33-32 என்று வாரட்டாஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். 2019-இல் ஜப்பான் போனார். 2022-இல் மெல்போர்னில் நியூசிலாந்துக்கு எதிராக ஆஸ்திரேலியாவுக்கு ஆடினார். அந்த ஆட்டத்தில், பெனால்டியை உதைக்கத் தாமதித்தார் என்று நடுவர் பந்தை எதிரணிக்குக் கொடுத்த ‘நேரம் கடத்தல்’ சர்ச்சை நாயகன் இவரேதான்!

வீரர்கள் நழுவுவது உண்மை. நியூ சவுத் வேல்ஸ் ஆஸ்திரேலியாவிலேயே மக்கள்தொகை மிகுந்த மாநிலம். சிட்னி அதன் தலைநகர். ஆனால் அங்கே வாரட்டாஸ் ஆடும் ரக்பி யூனியன் அல்ல, 13 பேர் ஆடும் தனி ஆட்டமான ரக்பி லீக்தான் ராஜா. வாரட்டாஸ் வீரர் மார்க் நவகனிடவாசே போனது கடல் தாண்டி அல்ல, அதே சிட்னியின் ரக்பி லீக் அணியான ரூஸ்டர்ஸுக்கு.

ரக்பி ஆஸ்திரேலியா தளத்தில் பழைய அணிப் பட்டியல்களைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஃபார்வர்டை மேற்கொண்டு அனுப்ப வேண்டாம்.