பணம் கொடுத்த கம்பெனிக்கே ஆராய்ச்சி சொந்தமா?

"பெரிய கம்பெனி பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்தால், அங்கே கண்டுபிடிப்பதெல்லாம் அதற்கே சொந்தம், உள்ளூர்க்காரர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

உரிமை யாருக்கு என்பதை நாட்டுச் சட்டமும் அந்தந்த ஒப்பந்தமும்தான் முடிவு செய்கின்றன. முழு உரிமையும் கம்பெனிக்குப் போகும் ஒப்பந்தங்களும் உண்டு. அதற்காக எல்லாமே அப்படி இல்லை. கம்பெனி உதவினாலே எல்லாம் அதற்குப் போய்விடாது என்பதற்கு ஓர் உதாரணம்: ஸ்வீடனில் கோதென்பர்க் அருகே அஸ்ட்ராஜெனெகா என்ற மருந்து நிறுவனம் 2014 முதல் தன் வளாகத்துக்குள்ளேயே சிறு நிறுவனங்களுக்கு இடம் தருகிறது. ஆய்வகக் கருவிகளைப் பயன்படுத்தலாம், அனுபவசாலிகளிடம் சந்தேகம் கேட்கலாம். கண்டுபிடிப்பு அந்தச் சிறு நிறுவனத்திடமே இருக்கும். ஆராய்ச்சி தொழிலாக மாற இந்த மாதிரி உதவிதான் பெரிய பலம்.

சரி, ஒரு கண்டுபிடிப்புக்கு யார் காப்புரிமை (பேடன்ட்) கேட்டிருக்கிறார்கள் என்று எப்படிச் சரிபார்ப்பது? உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேடன்ட்ஸ்கோப் தளத்தில் காப்புரிமை எண்ணைப் போட்டால், விண்ணப்பதாரர் பெயர் இலவசமாகத் தெரியும். அந்த வாட்ஸ்அப் தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.