எள்ளளவு பெருக்கல் குறி
போனில் பொருள் வாங்க வருபவர்கள் ஏன் பாதியிலேயே கிளம்பிவிடுகிறார்கள் என்று கட்டுரையில் கேட்டிருக்கிறீர்கள். நேற்று இரவு நானே கிளம்பினேன். செருப்பின் அளவைத் தேர்ந்தெடுக்கப் போனால், 'எங்கள் ஆப்பை இறக்குங்கள்' என்று ஒரு பெட்டி திரையை மறைத்தது. அதை மூடும் பெருக்கல் குறியோ எள்ளளவு. மூன்று முறை விரல் தவறி ஆப் இறக்கும் பக்கத்துக்கே போய்விட்டேன். தொடும் பட்டன் குறைந்தது 48 டிபி (திரையில் அளவைக் குறிக்கும் அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் இருக்கட்டும் என்று ஆப் செய்பவர்களுக்கான ஆண்ட்ராய்டு வழிகாட்டியிலேயே இருக்கிறது. யார் படிக்கிறார்கள்! சரி, ஒருவழியாக முகவரியெல்லாம் நிரப்பிவிட்டு, ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால், பக்கம் புதிதாக லோட் ஆகி அத்தனை கட்டங்களும் காலி. மறுபடி நிரப்பப் பொறுமை இல்லை. செருப்பு இன்னும் அந்தக் கூடையிலேயே கிடக்கிறது.