வீடியோவில் என்னை டேக் செய்தவர்களுக்கு

என்னைப்போல வீல்சேரில் இருக்கிற ஒருவர் மேடையில் எழுந்து நடக்கிற அந்த வீடியோவை நேற்றிலிருந்து இருபத்து மூன்று பேர் அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், போதும். "அண்ணே, உங்களுக்கும் விடிவுகாலம் வந்துருச்சு" என்று எழுதிய தம்பிக்குத் தனியாக ஒரு கும்பிடு.

எக்ஸோஸ்கெலிட்டன் என்கிற, இடுப்பிலும் காலிலும் கட்டி நடக்கிற மோட்டார் மெஷினை மாட்டிக்கொண்டு அவர் பத்து அடி நடந்தபோது எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் எட்டு விநாடியை யாராவது பார்த்தீர்களா? நாலு பேர் அவரை வீல்சேரோடு தூக்கி மேடையேற்றுகிறார்கள். சட்டை மேலேறி வயிறு தெரிய, ஒரு கையால் இழுத்துவிட்டுக்கொள்கிறார். அவ்வளவு பெரிய மெஷினைக் கொண்டுவந்தவர்களுக்கு, சாய்தளம் போட ரெண்டு பலகை கிடைக்கவில்லை.

நடப்பது வேறு, போவது வேறு. எனக்குப் போகணும்.

"டெக்னாலஜிக்கே எதிரியா நீங்க?" என்று வருவீர்கள். நான் டீக்கடைக்குப் போவதே சென்னை ஐஐடியில் பிறந்த நியோபோல்ட்டில்தான். மோட்டார் வண்டி அது, வீல்சேருக்கு முன்னால் மாட்டினால் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓடும். எதிரியாம்!

அந்த நடை மெஷினையும் ஒரு மறுவாழ்வு மையத்தில் மாட்டிப் பார்த்தவன்தான். பட்டை கட்டவே அரைமணி நேரம். இரண்டு கையிலும் ஊன்றுகோல், பின்னால் இடுப்பைப் பிடித்தபடி பிசியோ. இடுப்பையும் முட்டியையும் மோட்டார் மடக்கும். விழாமல் பார்த்துக்கொள்வது நம் கை. கையில் வலு இல்லாதவர், எலும்பு பலவீனமானவர், மூட்டு இறுகிப்போனவருக்கெல்லாம் அது ஆகாது. நின்றது நன்றாகத்தான் இருந்தது, சரி. அமெரிக்காவில் 2014இல் ரீவாக் என்கிற இதே மாதிரி நடை மெஷினை வீட்டில் பயன்படுத்த அனுமதித்தபோதே, பயிற்சி பெற்ற துணையாள் கூட இருக்க வேண்டும் என்றார்கள். 2024இல் அந்த நாட்டு அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் அதற்கு நிர்ணயித்த தொகை 91,032 டாலர். முக்கால் கோடி ரூபாய்!

யாரோ ஒரு புண்ணியவான் அம்மாவுக்கும் அனுப்பியிருக்கிறார். ராத்திரி தோசையை வைத்துவிட்டு அம்மா நின்றுகொண்டே இருந்தார். "அந்த ரெண்டு சென்ட் இடத்தைக் குடுத்துட்டா வாங்கிரலாமாப்பா?"

அடிபட்டுப் பதினோரு வருஷம். இந்தப் பேச்சு நிற்கவே நாலு வருஷம் ஆனது. ஒரே ஃபார்வர்டில் திரும்ப முதல் வருஷத்தில் கொண்டுபோய் விட்டீர்கள்.

"நல்லெண்ணத்துலதானே அனுப்பினோம்?" தெரியும். அதனால்தான் திட்டவும் முடியவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். விதிகள் 2017இல். இருக்கிற பொதுக் கட்டடங்களை எல்லாம் ஐந்து வருஷத்தில் எங்களுக்கும் ஏற்றபடி மாற்ற வேண்டும் என்ற கெடு 2022லேயே முடிந்தது. அதற்கு ஒருத்தரும் என்னை டேக் செய்யவில்லை. நான் நடந்தால்தான் உங்களுக்குக் கைதட்ட வருகிறது. உட்கார்ந்தபடி உள்ளே வந்தால் வருவதில்லை போல.

நாளை பேங்க் வேலை இருக்கிறது. வாசலில் மூன்று படி. மேனேஜர் வழக்கம்போல ஃபார்மை வெளியே கொண்டுவருவார், தங்கமான மனுஷன். பைக் நிறுத்துகிற இடத்தில், வெயிலில் வைத்துத்தான் கையெழுத்து.